டெட்ராய்ட்டும் ஒரு பரம்பரை ஊர்தான்: குத்துச்சண்டைக் கூடங்கள் ஏன் மூடிக்கிடக்கின்றன?

டெட்ராய்ட் நகரின் நடுவே, ஜெஃபர்சன் அவென்யூவில் 24 அடி நீளத்துக்கு ஒரு கை தொங்குகிறது. உடம்பு கிடையாது, முகம் கிடையாது. இறுக்கி மூடிய முஷ்டியும் முன்கையும் மட்டும். 1986இல் வைத்தார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாங்கள் அழைத்துப்போய்ப் படம் எடுக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. "யாரோட கைப்பா இது?" என்று கேட்காதவர்கள் இல்லை.

ஜோ லூயிஸின் கை. 1937 முதல் 1949 வரை ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஹெவிவெயிட் உலக சாம்பியன். பட்டத்தை 25 முறை தக்கவைத்தவர். 1938இல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் வீழ்த்தியபோது, ஒரு கறுப்பினத்தவரின் வெற்றியை அமெரிக்கா முழுவதும் தன் வெற்றியாகக் கொண்டாடியது.

கைக்குச் சிலை இருக்கிறது. அந்தக் கை குத்தக் கற்றுக்கொண்ட கூடம்? அது 2006இல் மூடப்பட்டது.

பரம்பரை என்ற சொல்

'சார்பட்டா பரம்பரை' படம் 2021இல் வந்த பிறகு, வடசென்னையில் இப்படி ஒரு உலகம் இருந்ததா என்று நம் பிள்ளைகளே கேட்டார்கள். இருந்தது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கத்து உழைக்கும் மக்களின் விளையாட்டு அது. வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததை நம்ம ஆட்கள் நம்ம பாணியில் வளர்த்தெடுத்தார்கள். அங்கே பயிற்சியாளருக்குப் பெயர் 'கோச்' இல்லை, 'வாத்தியார்'. பயிற்சிக்கூடத்தின் வழிக்குப் பெயர் 'பரம்பரை'. யாரிடம் கற்றாய் என்பதுதான் நீ யார் என்பதற்கான பதில்.

ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் விஷயம் டெட்ராய்ட்டிலும் இருந்தது.

ஜோ லூயிஸின் குடும்பம் 1926இல் அலபாமாவிலிருந்து வேலை தேடி டெட்ராய்ட்டுக்கு வந்தது. பையன் வயலின் கற்கட்டும் என்று அம்மா காசு கொடுத்தார். பையன் அந்தக் காசைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குச் செலவழித்தான். அவன் போன இடம் பிரூஸ்டர் பொழுதுபோக்கு மையம். நகராட்சி 1929இல் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் திறந்த இடம். நம்ம ஊர்க் கணக்கில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் மாதிரி. பெரிய முதலாளி யாரும் கட்டியதல்ல.

அதே பிரூஸ்டரில் லூயிஸோடு பயிற்சிச் சண்டை போட்ட இன்னொரு பையன் எட்டி ஃபட்ச். இதயத்தில் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால் அவர் தொழில்முறை வீரராக முடியவில்லை. வாத்தியார் ஆனார். ஜோ ஃப்ரேசியரின் மூலையில் நின்றவர் அவர்தான். அவரிடம் கற்றவர் ஃப்ரெடி ரோச். ரோச்சின் மாணவர் பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவ். ஒரு நகராட்சிக் கட்டடத்தில் தொடங்கிய கோடு மணிலா வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. பரம்பரை என்றால் இதுதானே?

பிரூஸ்டரில் பின்னாளில் வந்து சேர்ந்த இன்னொரு சிறுவன் இமானுவேல் ஸ்டூவர்ட். 1963இல் தேசிய 'கோல்டன் க்ளவ்ஸ்' பட்டம் வென்றவர். பிறகு மின்சார நிறுவனத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. 1971இல் தம்பியை அழைத்துக்கொண்டு க்ராங்க் என்ற இன்னொரு நகராட்சி மையத்துக்குப் போனவர், அங்கேயே பகுதிநேர வாத்தியாராக நின்றுவிட்டார்.

க்ராங்கின் பயிற்சிக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. உள்ளே வெப்பத்தை வேண்டுமென்றே ஏற்றி வைப்பார்களாம். மிச்சிகன் பனிக்காலத்தில் வெளியே உறைந்து கிடக்கும். உள்ளே சித்திரை வெயில். அந்த நிலவறையிலிருந்து 1980இல் ஹில்மர் கென்டி உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு தாமஸ் ஹெர்ன்ஸ். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா குத்துச்சண்டையில் வென்ற 9 தங்கங்களில் இரண்டு க்ராங்க் பையன்களுடையவை.

அதே 1980இல்தான் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். வந்திருந்தார். இரண்டு ஊர்களுக்கும் அது உச்சகாலம்.

2006இல் டெட்ராய்ட் நகராட்சியிடம் பணமில்லை. பொழுதுபோக்கு மையங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. க்ராங்கில் திருடர்கள் புகுந்து செம்புத் தண்ணீர்க் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பழுதுபார்க்க யாரும் வரவில்லை. கட்டடம் மூடப்பட்டது. 2012இல் ஸ்டூவர்ட் இறந்தார். 2017இல் அந்தப் பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்தது.

மேலே மழை, கீழே வறட்சி

"குத்துச்சண்டைக்கு என்ன குறைச்சல்? நெட்ஃப்ளிக்ஸ்லயே போடறானே" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனும் 27 வயது ஜேக் பாலும் மோதியதை 6 கோடி வீடுகளில் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது. சவூதி பணம் கொட்டுகிறது.

மேலே எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து ஒரு விளையாட்டின் ஆரோக்கியத்தை அளக்க முடியாது. அமெரிக்க ஆண்கள் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கடைசியாகத் தங்கம் வென்றது 2004இல், ஆண்ட்ரே வார்ட். 1976இல் ஐந்து தங்கம் வென்ற நாடு இது. 2012 லண்டனில் அமெரிக்க ஆண்கள் அணி ஒரு வெண்கலம்கூட இல்லாமல் திரும்பியது.

ஏன் இப்படி ஆனது? ஒரே காரணம் என்று சொல்ல முடியாது.

முதல் அடி டிவியிலிருந்து வந்தது. 1940களின் கடைசியிலும் 50களிலும் வெள்ளிக்கிழமை இரவானால் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை. சனம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. தெருமுனை அரங்கில் காசு கொடுத்து உள்ளூர்ப் பையன்களின் சண்டையைப் பார்க்க யார் போவார்கள்? சின்ன அரங்குகள் மூடின. பிறகு அதே டிவி, குத்துச்சண்டையைப் பொதுச் சேனலிலிருந்து கட்டணச் சேனலுக்குக் கொண்டுபோனது. காசு உள்ளவன் மட்டும் பார்த்தான். தெருப்பையன் கண்ணில் படவே இல்லை. 45 ஆண்டுகள் ஒளிபரப்பிய ஹெச்பிஓ 2018இல் கடையைக் கட்டியது.

இரண்டாவது, கல்லூரி. 1960இல் கல்லூரிகளுக்கிடையேயான சாம்பியன் போட்டியில் அடிபட்ட விஸ்கான்சின் மாணவர் சார்லி மோர் இறந்துபோனார். அதோடு என்சிஏஏ குத்துச்சண்டையை நிறுத்திவிட்டது. விளைவை யோசித்துப் பாருங்கள். ஆறரை அடி உயரம், நல்ல கை வேகம் உள்ள ஒரு ஏழைப் பையனுக்குக் கூடைப்பந்து ஆடினால் கல்லூரிப் படிப்பு இலவசம். ஃபுட்பால் ஆடினாலும் அப்படியே. குத்துச்சண்டை போட்டால்? ஒன்றுமில்லை. அவன் அம்மா என்ன சொல்வார் என்பதை நம்ம வீட்டு அம்மாக்களைக் கேட்டாலே தெரியும்.

மூன்றாவது, நிர்வாகம். 1988 சியோலில் ராய் ஜோன்ஸுக்கு நடந்த அநியாயத் தீர்ப்பிலிருந்து 2016 ரியோ வரை நடுவர்கள் மேல் சந்தேகம் தீரவே இல்லை. ஒலிம்பிக் கமிட்டி 2019இல் உலகக் குத்துச்சண்டைச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது, 2023இல் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் குத்துச்சண்டை உண்டா இல்லையா என்பதே 2025 மார்ச்சில்தான் முடிவானது. இந்தியாவிலும் இதே கதை. 2012 டிசம்பரில் இந்தியச் சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டு, 2016இல் புதிய சம்மேளனம் நிலைபெறும்வரை இழுபறி. பத்து வருடம் கழித்து ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இருக்குமா என்று தெரியாதபோது, எந்த அப்பா பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பார்?

நான்காவது, ஊரே கரைந்தது. 1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2020இல் 6.4 லட்சத்துக்கும் குறைவு. 2013இல் நகராட்சி திவால் மனு கொடுத்தது. திவாலான ஊரில் முதலில் வெட்டப்படுவது சாயங்காலம் பையன்கள் போகும் கட்டடத்தின் மின்சாரக் கட்டணம்தான்.

ஒரு சின்னக் கணக்கு

மற்ற விளையாட்டுகளைவிடக் குத்துச்சண்டை வேகமாகச் சரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

ஓட்டப்பந்தய வீரன் தனியாக ஓடலாம். நீச்சல்காரனுக்குக் கடிகாரம் போதும். குத்துச்சண்டைக்காரனுக்கு எதிராளி வேண்டும், அதுவும் பொருத்தமான எதிராளி. எடை, வயது, அனுபவம் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

ஒரு பேச்சுக்கு ஒரு வட்டாரத்தில் 60 பையன்கள் பயிற்சி செய்வதாக வைத்துக்கொள்வோம். எடையில் 10 பிரிவு, வயதில் 3 பிரிவு. மொத்தம் 30 கட்டங்கள். கட்டத்துக்கு 2 பேர். அந்த இருவரில் ஒருவன் 20 சண்டை போட்டவன், மற்றவனுக்கு இதுதான் முதல் மேடை என்றால், மனசாட்சி உள்ள எந்த வாத்தியாரும் மேடையேற்ற மாட்டார். ஆக 60 பேர் இருந்தும் ஒரு நல்ல போட்டி நடத்த முடியாது.

இப்போது பக்கத்தில் ஒரு கூடம் மூடினால் அந்தக் கூடத்துக்கு மட்டுமா நஷ்டம்? சுற்றியுள்ள எல்லாக் கூடங்களுக்கும் எதிராளிகள் குறைகிறார்கள். மூன்று சுற்றுச் சண்டைக்காகப் பையனைக் காரில் ஏற்றி அடுத்த மாநிலத்துக்குப் போக வேண்டும். பெட்ரோல், தங்கும் செலவு எல்லாம் வாத்தியாரின் பையிலிருந்து. இரண்டு வருடத்தில் அவரும் களைத்துவிடுவார். நெட்வொர்க் ஒரு அளவுக்குக் கீழே போனால் மொத்தமாக விழும் என்பார்களே, அப்படித்தான்.

"ஒழியட்டுமே, நல்லதுதானே?"

இதைக் கேட்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. தலையில் அடிப்பதை விளையாட்டு என்று சொல்லலாமா?

குத்து வாங்கியவர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928லேயே எழுதினார். 1982இல் தென்கொரியாவின் கிம் டுக் கூ மேடையில் வீழ்ந்து இறந்த பிறகுதான் 15 சுற்றுகள் 12 ஆகக் குறைந்தன. சிறுவர்கள் குத்துச்சண்டையில் இறங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2011இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இந்த எச்சரிக்கைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் வீட்டுப் பிள்ளையின் தலையில் குத்து விழுவதை வேடிக்கை பார்க்க எனக்கும் தைரியம் கிடையாது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். 1975, மணிலா. அலிக்கும் ஃப்ரேசியருக்கும் மூன்றாவது சண்டை. 14 சுற்று முடிந்தபோது ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. இன்னும் ஒரே ஒரு சுற்று. ஃப்ரேசியர் எழுந்து போகத் தயார். எட்டி ஃபட்ச் விடவில்லை. உட்காரவைத்துச் சண்டையை முடித்தார். உலகப் பட்டத்தைவிட அந்த ஆளின் உயிர் பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எப்போது நிறுத்த வேண்டும் என்ற அறிவு புத்தகத்தில் வராது. இன்னொரு வாத்தியாரின் பக்கத்தில் வாளியும் துண்டும் தூக்கிக்கொண்டு பல வருடம் நின்றால்தான் வரும். கூடங்கள் மூடும்போது அழிவது இந்த அறிவுதான். சண்டை போட ஆசைப்படும் பையன்கள் எங்கேயும் போய்விடவில்லை. கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, வீட்டுப் பின்கட்டில் கையுறை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். போதும் என்று சொல்ல அங்கே ஒரு பெரியவர் இல்லை. அடிமட்டப் பயிற்சி அழிந்தால் குத்துச்சண்டை பாதுகாப்பாகிவிடாது. ஆபத்து மட்டும் மிச்சமிருக்கும்.

காசு உள்ளவர்களுக்கு ஒரு பை

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர்களுக்கு வந்து பாருங்கள். நோவை, ட்ராய், கேன்டன் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள். குத்துச்சண்டை உடற்பயிற்சிக்கூடங்கள் பளபளவென்று இருக்கின்றன. மாதக் கட்டணம், இசை, வண்ண விளக்கு, வரிசையாகத் தொங்கும் பைகள். நம் ஆட்களும் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் ஒரு மணிநேரம் பையைக் குத்தி, வியர்வை சிந்தி, மேலாளர் மேலிருந்த கோபத்தை இறக்கிவிட்டு வருகிறார்கள். உடம்புக்கு நல்லது. தப்பே இல்லை.

ஆனால் அந்தப் பை திருப்பி அடிக்காது. அங்கே சேர வரும் பையனிடம் முதலில் கேட்பது கடன் அட்டை எண்ணை. பிரூஸ்டரிலும் க்ராங்கிலும் முதலில் கேட்ட கேள்வி, "நாளைக்கும் வருவியா?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இந்தக் கூடங்களிலிருந்து உலக சாம்பியன் ஆனவர்கள் மிகச் சிலர். உள்ளே வந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது வேறு. கயிறு தாண்டக் கற்றார்கள். நேரத்துக்கு வரக் கற்றார்கள். அடி வாங்கியும் நிதானம் இழக்காமல் இருக்கக் கற்றார்கள். எல்லாவற்றையும்விட, தினமும் சாயங்காலம் தங்களுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதரைப் பெற்றார்கள். 1954இல் லூயிவிலில் சைக்கிள் திருடுபோன கோபத்தில் அழுத 12 வயதுப் பையனை, முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று கூடத்துக்கு அழைத்தவர் ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர். அந்தப் பையன்தான் முகமது அலி. கூடம் இல்லையென்றால் அந்தக் கோபம் எங்கே போயிருக்கும்?

வழி இல்லாமல் இல்லை

உலகம் முழுக்கக் குத்துச்சண்டை சாகவில்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் உஸ்பெகிஸ்தான் ஐந்து தங்கம் வென்றது. ஹரியாணாவின் பிவானியில் ஜெகதீஷ் சிங் நடத்திய கூடத்திலிருந்து போன விஜேந்தர் 2008இல் பதக்கம் வாங்கினார். அங்கே பதக்கம் என்றால் அரசு வேலை. அப்பாக்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். சென்னையும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு வி. தேவராஜனை அனுப்பியது. அவர் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார், அர்ஜுனா விருது பெற்றார். அதற்குப் பிறகு அந்தப் படியில் ஏறத் தமிழகத்துப் பையன்களுக்கு வடக்கில் இருப்பதுபோல ஏணி கிடைக்கவில்லை. திறமை குறைந்ததாக நான் நம்பவில்லை.

மிச்சிகனிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. ஃப்ளின்ட் நகரில் பெர்ஸ்டன் ஃபீல்ட் ஹவுஸ் என்ற நூறாண்டுப் பழைய பொதுக்கூடம். அங்கே ஜேசன் க்ரட்ச்ஃபீல்ட் என்ற வாத்தியாரிடம் 11 வயதில் வந்து நின்ற சிறுமி க்ளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ். 2012இல் 17 வயதில் தங்கம், 2016இல் மறுபடியும் தங்கம். அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற வேறு அமெரிக்கர், ஆணிலும் பெண்ணிலும், அதுவரை கிடையாது. ஆண்கள் அணி வெறுங்கையோடு திரும்பிய அதே லண்டனில்தான் அவருடைய முதல் தங்கம்.

இன்னொன்று, டெட்ராய்ட்டில் காலி ஸ்வீனி 2007இல் தொடங்கிய 'டவுன்டவுன் பாக்ஸிங் ஜிம்'. முதலில் புத்தகம், பிறகுதான் கையுறை என்பது அங்கே சட்டம். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளை மேடைப்பக்கம் போக முடியாது. கட்டணம் கிடையாது. நன்கொடையில் ஓடுகிறது. பிரூஸ்டரும் க்ராங்கும் பூட்டப்பட்டதற்கு அடுத்த வருடமே இது தொடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எனக்குச் சரியென்று படுவது இந்த வழிதான். சிறுவர்களுக்குப் பயிற்சி நிறைய, சண்டை குறைவு. தலையில் குத்தும் பயிற்சியை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுவது. மேடை ஏறுகிறவர்களுக்கு, நிறுத்தத் தெரிந்த வாத்தியார். உள்ளே வர யாருக்கும் காசு கிடையாது.

புறநகரில் இருக்கும் நாம் இதில் என்ன செய்வது? நம் பிள்ளைகளுக்குப் பரதம், செஸ், நீச்சல், தமிழ்ப் பள்ளி என்று வாரம் முழுக்கக் கார் ஓட்டுகிறோம். சம்பாதிக்கும் ஊர் மிச்சிகன். நன்கொடை என்று வரும்போது மட்டும் நம் மனசு பிறந்த ஊருக்கே போகிறது. ஊருக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. நகருக்குள் இருக்கும் இப்படி ஒரு கூடத்தில் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. கணக்குச் சொல்லிக்கொடுக்க நம்மைவிட ஆள் வேண்டுமா? நம்ம ஊரில் வடசென்னைக் கூடம் ஒன்றுக்குக் கையுறையோ மேடைக்கு விரிப்போ வாங்கித் தருவதும் பெரிய செலவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, படத்தில் பார்த்ததோடு நிறுத்தாமல், ராயபுரம் பக்கம் ஒரு சாயங்காலம் போய் விசாரித்துப் பாருங்கள். இன்னும் கயிறு தாண்டும் பையன்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வாத்தியாரும் இருப்பார்.

அவருக்குப் பிறகு அங்கே யார் நிற்பார்கள் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.